மெல்லக் கற்போர்

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தாள் திருத்தி வந்த வாரம்
இராயக்கோட்டைப் பள்ளியில்
பிரேயர் முடிந்தும் எங்களைக் கலையவிடவில்லை.
பெயர் வாசித்தார்கள்.
வாசித்த வரிசைப்படி பையைத் தூக்கிக்கொண்டு
வேறு வேறு கதவுகளுக்குப் போனோம்.

எனக்கு வந்தது ஈ பிரிவு.
'ஈ எதுல மொய்க்கும்?' என்று கேட்ட பையன்களுக்கு
தக்காளி மண்டியில் வளர்ந்த என்னிடம்
பதில் இருந்தது. சொல்லவில்லை.

ஏ பிரிவின் பின்சுவரில் சாய்த்துக் கட்டிய
ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை எங்களுடையது.
உயரத்தில் ஒரு வென்டிலேட்டர்.
அவர்கள் பாடம் அதன் வழியே
எங்கள் தலையில் சொட்டும்.

ஆகஸ்டில் கணக்கு சார் மாற்றலாகிப் போனார்.
பதிலுக்கு வந்தது பதினெட்டுப் பக்கக் கையேடு,
அட்டையில் 'மெல்லக் கற்போருக்கு' என்று அச்சடித்து.
ஒரு தொடுகோடு, ஒரு வரைபடம்,
போட்டால் பாஸ்.
'மீதியத் தொறக்காதீங்க, கொழம்பிடுவீங்க.'
நான் திறக்கவில்லை.
அதை மட்டும் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை,
யாரை என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம்
இதயம் நடந்தது.
நான்கு அறைகள். ஈரிதழ் வால்வு. மூவிதழ் வால்வு.
சத்யபாமா டீச்சரின் குரலைப் பிடித்துக்கொண்டு
தரையில் சாக்பீஸால் நானும் ஒன்று வரைந்தேன்.
படம் பார்க்காததால்
நான்கு அறையும் ஒரே வரிசையில் வந்தன,
நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் மாதிரி.

முந்நூற்றுப் பதினொன்று.
பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில்
மார்க்கைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்:
'அப்பா என்ன பண்றாரும்மா?'
'மண்டியில லோடு ஏத்தறார் சார்.'
'அப்ப நர்சிங் குரூப் எடு. முடிச்ச ஒடனே வேலை.'
அன்பாகத்தான் சொன்னார்.
பேனா மூடியைக்கூட அவரே கழற்றித் தந்தார்.

முடித்தவுடன் வேலை. பொய் சொல்லவில்லை அவர்.
பன்னிரண்டு வருடமாக அதே வேலை,
கிருஷ்ணகிரி பெங்களூர் ரோட்டில்
நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி.
டாக்டருக்கு வெள்ளைக் கோட்டு.
பதிவு எண் உள்ள சிஸ்டர்களுக்கு வெள்ளைச் சுடிதார்.
பன்னிரண்டாம் வகுப்பு நர்சிங்குக்குப் பதிவு எண் கிடையாது,
எங்களுக்குக் கத்தரிப்பூ நிறம்.
கறை தெரியாதாம்.

போன மாதம் இரவு டூட்டிக்குப் புது டாக்டர், சுமலதா.
பெயரைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது,
அவருக்கு நான் தெரிய நியாயமில்லை.

வேப்பனப்பள்ளியிலிருந்து பதினொரு மாதக் குழந்தை,
பேதியில் வற்றிப்போய்.
மூன்று குத்தாகியும் நரம்பு கிடைக்கவில்லை.
'நான் பாக்கட்டுமா டாக்டர்?'
அத்தனை சின்னக் கையில் நரம்பு கண்ணுக்கு அகப்படாது.
சுவருக்கு அப்பால் கேட்பதுபோல
விரலால் கேட்க வேண்டும்.
ஏறியது.
சார்ட்டில் கையெழுத்துப் போட
மாடியிலிருந்து வெள்ளைச் சுடிதாரைக் கூப்பிட்டார்கள்.

மூன்று மணி டீயின்போது
'நீங்களும் இராயக்கோட்டையா? எந்த செக்‌ஷன்?'
'ஈ.'
'அப்படி ஒண்ணு இருந்துச்சா?'
கேலி இல்லை அதில். நிஜமாகவே யோசித்தார்.
'உங்க கடைசி பெஞ்சுக்குப் பின்னாடி, டாக்டர்.'
'ஐயோ, அங்க கீச்சுகீச்சுன்னு சத்தம் வரும்.
எலின்னு நெனச்சோம்.'
இரண்டு பேரும் சிரித்தோம்.
நான் கொஞ்சம் முன்பே நிறுத்திக்கொண்டேன்.

விடியற்காலை, குழந்தை தூங்கியபின்,
சொட்டு எண்ணிக்கொண்டே
வீணான ஈசிஜி தாளில் மறுபடி வரைந்து பார்த்தேன்.
இப்போது சரியாக வருகிறது:
மேலே இரண்டு, கீழே இரண்டு.
கீழறைகளின் சுவர்தான் தடிமன்,
உழைப்பு அதிகம் என்பதால்.
இதுவும் சத்யபாமா டீச்சர் சொன்னதுதான்,
அந்தப் பக்கத்துக்கு.